ஒன்பதாம் எண் ஸ்கேனர்

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கட்டுரைக்கு மட்டும் எப்போதும் குறைந்த மதிப்பெண்தான். "கற்பனை போதாது" என்று சிவப்பு மையில் எழுதித் தருவார் வாத்தியார். அந்த ஆள்தான் இதை எழுதுகிறேன். நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு, இருட்டு என்றெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் ஜன்னலே கிடையாது.

எங்கள் தொழில் வைஃபை. போடுவது, பழுது பார்ப்பது, கண்டவர்கள் நுழையாமல் பூட்டி வைப்பது. நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்துதான் போவோம். அவன் கை வேகம். என் கை நிதானம். அதனால் சண்டையும் உண்டு.

அன்று போனது ஓர் உறைபொருள் கிடங்கு. நீளமான ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் குளிர் அறைகள். மொத்தம் பன்னிரண்டு. சுவர், கூரை, கதவு எல்லாம் தகடு. தகட்டைத் தாண்டி சிக்னல் போகாது. அதனால் ஒவ்வோர் அறையின் கூரையிலும் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியிருந்தார்கள். வைஃபை அதிலிருந்துதான் வரும். அறையின் எண்தான் பெட்டியின் எண்ணும். நடைபாதையின் தொடக்கத்தில் கண்ணாடி வைத்த ஓர் அலுவலக அறை. அங்கே உட்கார்ந்தால் பன்னிரண்டு கதவுகளும் தெரியும்.

கிடங்கு முழுவதற்கும் வருடக்கணக்காக ஒரே பாஸ்வேர்டு. லாரிக்காரர்கள் வரைக்கும் அது தெரிந்திருந்தது.

"வாசல்ல படுத்திருக்கிற நாய்க்கு மட்டும்தான் தெரியாது போல மாமா. அதுவும் சந்தேகம்தான்" என்றான் மச்சான்.

இனிமேல் அனுமதி பெற்ற கருவிகள் மட்டுமே இணைய வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. சரக்குப் பெட்டிகளை எண்ணும் ஸ்கேனர்கள்தான் அங்கே முக்கியமான கருவி. கையடக்கமானவை. போன் மாதிரி அதிலேயே பேசவும் செய்யலாம். அவற்றுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலைச் சரிபார்த்துப் பூட்டிவிட்டு, கடைசியில் நடைச் சோதனை செய்ய வேண்டும். ஒருவன் ஸ்கேனரோடு அறை அறையாக நடப்பான். இன்னொருவன் திரையைப் பார்த்துக்கொண்டு, எந்தப் பெட்டியோடு இணைகிறது, சிக்னல் எவ்வளவு என்று சொல்வான். இவ்வளவுதான் வேலை.

ஆனால் அன்று மச்சானுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவன் மனைவியைக் காலையில்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முதல் பிரசவம். என் மனைவி அங்கே துணைக்கு இருந்தாள். கிடங்கு மூடியிருப்பது வாரத்தில் அந்த ஒரு நாள்தான் என்பதால் அவனும் வந்தே ஆக வேண்டியிருந்தது.

"ஆறு மணிக்குள்ள அவனைக் கொண்டாந்து இங்க விட்டுடணும். அந்தப் புள்ள அவனைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு. பத்திரமா வரணும், சொல்லிட்டேன்" என்று என் மனைவி போனில் கண்டிப்பாகச் சொன்னாள்.

அந்த அவசரத்தில்தான் அந்தத் தவறு நடந்தது.

கிடங்கின் ஸ்கேனர்களைச் சார்ஜ் ஸ்டாண்டோடு சேர்த்துப் பூட்டியிருந்தார்கள்; சாவி முதலாளியிடம். நாங்கள் சோதனைக்குக் கொண்டுபோன ஸ்கேனர் அனுமதிப் பட்டியலில் இல்லை. சேர்க்க முதலாளியின் ஒப்புதல் வேண்டும். அவர் போனை எடுக்கவில்லை. இரண்டு முறை, மூன்று முறை... எடுக்கவே இல்லை.

வைஃபையில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் பிறக்கும்போதே ஒரு முகவரி உண்டு. நமக்குக் கைரேகை மாதிரி. ஒரே வித்தியாசம், அதை நகல் எடுத்து இன்னொரு கருவிக்குப் போட்டுவிடலாம். போடக் கூடாது. ஆனால் போடலாம்.

"மாமா, பட்டியல்ல ஒன்பது ஸ்கேனர் இருக்கு. சார்ஜ் ஸ்டாண்டுல எட்டுதான் இருக்கு. ஒன்பது எங்கயோ தொலைஞ்சுபோச்சு. அதோட முகவரியை நம்ம ஸ்கேனருக்குப் போட்டுடறேன். சோதனை முடிஞ்சதும் எடுத்துடலாம்."

"வேணாம்டா. முறையா செய்வோம்."

"நீங்க முறையா செஞ்சு முடிக்கறதுக்குள்ள என் புள்ள காலேஜுக்குப் போயிடும்."

சிரித்துவிட்டேன். அவன் போட்டுவிட்டான். திரையில் 'ஸ்கேனர் 9' பச்சையாக எரிந்தது.

தடித்த குளிர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வாசலில் நின்று திரும்பினான்.

"உள்ள நான் ஐஸ் கட்டியா ஆயிட்டா அக்காகிட்ட என்ன சொல்வீங்க?"

"பார்சல் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துட்டுப் பேசாம இருப்பேன். போடா."

முதல் அறை. சரியாக இருந்தது. இரண்டு, மூன்று. அவையும் சரி. அவன் கதவைத் திறப்பதும், அது தானாக 'தொப்'பென்று மூடிக்கொள்வதும் ஸ்கேனர் வழியாக என் ஹெட்போனில் கேட்டன.

நான்காம் அறைக்குள் போனான். திரையில் பன்னிரண்டு என்று காட்டியது.

"மாப்ளே, எங்க இருக்க?"

"நாலுல."

"திரையில பன்னெண்டுங்குது."

"நான் இன்னும் பறக்கக் கத்துக்கல மாமா."

மறுபடி நான்கு என்று மாறியது. பிறகு பன்னிரண்டு. நான்கு. பன்னிரண்டு. ஒவ்வொரு முறை தாவும்போதும் அவன் குரல் அரை நொடி அறுந்து திரும்பியது.

எனக்குக் காரணம் புரிந்தது. ஒரே முகவரியோடு இரண்டு கருவிகள் இருந்தால் இப்படித்தான் ஆகும். திரைக்கு இரண்டும் ஒன்றுதான். இங்கேயும் காட்டும், அங்கேயும் காட்டும்.

"தொலைஞ்சுபோன ஒன்பது பன்னெண்டாம் ரூம்ல கிடக்கு போல. உயிரோடதான் இருக்கு."

"நல்லதாப் போச்சு. கண்டுபிடிச்சுக் கொடுத்தா டீக்காசாவது தேறும்."

அவன் சிரித்தான். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. அந்த ஸ்கேனர்களின் பேட்டரி ஒரு ஷிஃப்ட் தாங்கினாலே அதிகம். அந்தக் குளிரில் அதுவும் தாங்காது. தொலைந்துபோன கருவிக்கு யார் சார்ஜ் போட்டது?

ஐந்தாம் அறைக்குப் போனான்.

திரையில் ஐந்து. அடுத்து... பத்து.

பன்னிரண்டு இல்லை. பத்து.

கண்ணாடி வழியே பார்த்தேன். பன்னிரண்டாம் கதவு மூடியிருந்தது. பத்தாம் கதவும் மூடியிருந்தது. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு அந்தக் கருவி போக வேண்டும் என்றால், யாராவது கதவைத் திறந்து, அதை எடுத்துக்கொண்டு, நடைபாதையில் நடந்தாக வேண்டும். நடைபாதையில் ஈ காக்கை இல்லை. நாங்கள் இரண்டு பேரும்தான் அந்தக் கட்டடத்தில் இருந்தோம்.

"மாப்ளே... ஏதாவது கதவுச் சத்தம் கேட்டுச்சா?"

"நான் திறந்தது மட்டும்தான். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

மணி 4:36. ஆறாம் அறை.

ஆறு.

எட்டு.

ஆறு.

எட்டு.

அவன் ஒரு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். அது இன்னொரு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரே ஓர் அறை.

"டேய், போதும். வெளிய வா."

"இன்னும் பாதி இருக்கே மாமா."

"வான்னா வா. நேரா இங்க வா. வேற எந்தக் கதவையும் திறக்காத."

"சரி, சரி, வர்..."

அறுந்தது. இந்த முறை திரும்பி வரவில்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டது என்று திரையில் வந்தது.

ஆறாம் கதவு திறந்தது. மச்சான் வெளியே வந்தான். எனக்குப் போன உயிர் வந்தது.

ஆனால் அவன் என் பக்கம் திரும்பவில்லை.

ஸ்கேனர் காதில் இருந்தது. அவன் பேசிக்கொண்டிருந்தான். தலையை ஆட்டினான். யாரோ வழி சொல்ல, கேட்டுக்கொள்கிறவன் மாதிரி.

என் ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை.

கண்ணாடியைத் தட்டினேன். கத்தினேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏழாம் கதவைத் திறந்தான். உள்ளே போனான்.

தொப்.

திரையைப் பார்த்தேன். ஏழு. அடுத்து எதற்கும் தாவவில்லை. ஏழு... ஏழு... அப்படியே நின்றது. சிக்னல் முழுசாக.

தாவல் நின்றுவிட்டதே என்று ஒரு நொடி நிம்மதியாக இருந்தது.

ஒரு நொடிதான்.

தாவுவதற்கு வேறு பெட்டி இல்லை. இரண்டும் ஒரே அறைக்குள் இருந்தன.

ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் எறிந்துவிட்டு ஓடினேன்.

ஏழாம் கதவின் கைப்பிடி அசையவில்லை. பூட்டு கிடையாது அந்தக் கதவுக்கு. இழுத்தேன். வரவில்லை. சுவரில் காலை ஊன்றி இழுத்தேன். உள்ளிருந்து யாரோ மெதுவாகப் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி, கொஞ்சம் கொடுத்தது. திரும்ப இழுத்துக்கொண்டது.

அப்போது என் வாயில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. அவன் மனைவியின் பிரசவத்தைச் சொல்லிக் கத்தினேன் என்று நினைக்கிறேன். "அவன் போகணும், விடு" என்று.

கதவு வந்துவிட்டது.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புகை மாதிரி குளிர். கடைசி அடுக்கைத் தாண்டி, மூலையில்...

மச்சான் தரையில் உட்கார்ந்திருந்தான்.

கோட் பக்கத்தில் இருந்தது. மடித்து வைத்திருந்தது. அதன்மேல் சட்டை. அதுவும் மடித்து. ஷூ இரண்டும் ஜோடியாக.

உதடு நீலம்.

ஸ்கேனர் காதில்.

"சரி மாமா" என்றான். "கழட்டிட்டேன் மாமா. உக்காந்துட்டேன். அடுத்து?"

நான் அவன் எதிரில் நின்றேன். நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். என் வாயைப் பார்த்தான். என் வாய் மூடியிருந்தது.

ஸ்கேனர் அவன் கையிலிருந்து நழுவியது. தரையில் கிடந்தபடியே அது பேசியது.

என் குரல்.

"இன்னும் கொஞ்ச நேரம்தான் மாப்ளே... கண்ணை மூடிக்கோ."

அவனை எப்படி வெளியே இழுத்து வந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. வெயிலில் காரின் பானெட்டின்மேல் சாய்த்து வைத்துக் கையையும் காலையும் தேய்த்தேன். நடுக்கம் வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அவன் ஏழாம் அறைக்குள் இருந்தது மூன்று நிமிடத்துக்கு மேல் இருக்காது. ஆனால் அவன் சொன்னது வேறு.

"ஒரு மணி நேரமாப் பேசினீங்களே மாமா... புள்ளைக்கு என்ன பேரு வைக்கலாம்னுகூட கேட்டீங்களே."

"என்ன சொன்ன?"

"இன்னும் முடிவு பண்ணலன்னு சொன்னேன்."

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஏழரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. கை நடுங்கியதால் அவனால் குழந்தையை வாங்க முடியவில்லை. சந்தோஷத்தில் நடுங்குகிறது என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முதல் அவன் என் போனை எடுப்பதில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் நேரில் போய், முகத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை நான் மட்டும் கிடங்குக்குப் போனேன். அந்த முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். கிடங்குப் பொறுப்பாளர் இருந்தார். கட்டடம் கட்டிய நாளிலிருந்தே அங்கே இருக்கிறவர். எங்கள் ஸ்கேனரை ஏழாம் அறையிலிருந்து எடுத்து வைத்திருந்தார். அணைந்திருந்தது. கோட்டும் சட்டையும் ஷூவும் அதன் பக்கத்தில்.

அவர் அந்தத் துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை அவனேதான் மடிச்சு வச்சானா?" என்று கேட்டார்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"உங்களுக்கு முன்னாடி நெட்வொர்க் வேலைக்கு வந்த ஆளும் அந்த மூலையிலதான் தம்பி. அவனும் இப்படித்தான் துணியை மடிச்சு வச்சிருந்தான், பொணமாத்தான் எடுத்தோம். அவன் ஸ்கேனரும் பட்டியல்ல இல்லையாம். ஒன்பதோட நம்பரைப் போட்டுக்கிட்டு நடந்திருக்கான்."

"அவரை உள்ள போகச் சொன்னது யாரு?"

"கூட வந்தவர் போன்ல சொல்லச் சொல்லப் போனான்னு முதல்ல நினைச்சோம். ஆனா கூட வந்தவர் அந்த நேரத்துல சாப்பிடப் போயிருந்தாரு."

நீக்குவதற்காகத் திரையில் அந்த வரியைத் தேடி எடுத்தேன்.

"இந்த ஒன்பது எப்ப தொலைஞ்சுது?"

"தொலையறதுக்கு முதல்ல வாங்கியிருக்கணும் தம்பி."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"வாங்கினது எட்டுதான். முதல்நாள் வைஃபையைப் போட்டப்ப ஒரு ஸ்கேனரைக்கூட அட்டைப்பெட்டியில இருந்து வெளிய எடுக்கல. அப்பவே திரையில ஒண்ணு நின்னுச்சு. ஏழாம் ரூம்ல. ஏதோ கோளாறுன்னு விட்டுட்டோம். எட்டையும் சேர்த்த பிறகும் அது போகல. அனுமதி கொடு, கொடுன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. தொல்லை விட்டுதுன்னு ஒன்பதுன்னு பேரு வச்சு, நாங்களேதான் அதை உள்ள விட்டோம்."