காய்ச்சலை ஊசியில் ஏற்றிக்கொண்டேன்

முதலில் தாளிக்கும் வாசனைதான் ஆகாமல் போனது. கடுகு வெடித்தாலே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவேன். பல்லடத்தில் எங்கள் தறிக்கூடத்தை ஒட்டியே வீடு. ஓடினால் தறி எண்ணெய் நாற்றம் எதிரே வந்து நிற்கும். பிறகு சிறுநீர் கருத்தது. கண் மஞ்சளித்தது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்து, ஹெபடைடிஸ் சி (ரத்தம் வழியே தொற்றும் வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி) என்றார்கள்.

"ரத்தம் ஏத்தினாங்களா? ஊசி ஏதாச்சும் போட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அசதிக்காக எங்கள் ஊர் டாக்டரிடம் சத்து ஊசி போட்டிருந்தேன். எல்லோருக்கும் ஒரே கண்ணாடி சிரிஞ்சு. சொன்னதும் அவர் பேனாவை மூடிவைத்தார்.

இன்டர்ஃபெரான் (வைரஸ் நுழைந்தால் உடம்பு தானே சுரக்கும் புரதம்; அதையே மருந்தாகச் செய்திருந்தார்கள்) போடலாம் என்றார். "இது உங்க உடம்பை உசுப்பிவிட்டுச் சண்டை போட வைக்குங்க. தொற்று புதுசா இருக்கறப்பவே போடணும். விட்டா உள்ளயே தங்கிரலாம்."

நோய் தராத காய்ச்சலை ஊசி தந்தது. எலும்பெல்லாம் நடுங்கியது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. வியர்வையில் துருப்பிடித்த இரும்பின் வாடை. என் நாத்தனார் எனக்குத் தனி டம்ளர் வைத்தாள். தண்ணீர் குடித்தால் ஒட்டிக்கொள்ளும் நோயல்ல என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை; அவள் இடத்தில் இருந்தால் நோயாளியின் டம்ளரை நானே தொட்டிருக்கமாட்டேன்.

"நிறுத்திப்போடலாங்க. என்னையப் பார்த்தா எனக்கே கொமட்டுது" என்றேன் கணவரிடம்.

"இன்னுங் கொஞ்சம் பொறுத்துக்க, அம்மணி." நான் வாந்தியெடுத்த வாளியை அவர் கழுவிக்கொண்டிருந்தார். முகம் சுளித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

கொஞ்சம் நடக்க முடிந்ததும் சத்து ஊசி போட்ட ஊர் டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்துதான் எனக்கு வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒருவருக்குப் போட்ட ஊசியைத் தட்டில் இருந்த வெந்நீரில் அலசி, டாக்டர் அடுத்தவர் கையைப் பிடித்தார்.

"ஏனுங்க, அந்த ஊசிய மாத்துங்க. அதுல சீக்கு பரவுமுங்க" என்றேன்.

"சுடுதண்ணியில தான அலசறேன்" என்றார் அவர். வரிசையில் இருந்த பெண் என் மஞ்சள் கண்ணையும் முடி கழிந்த தலையையும் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். பிறகு அதே ஊசிக்குக் கையை நீட்டினாள். வெளியே வந்து சாக்கடையோரம் வாந்தியெடுத்தேன். அது மருந்தால் வந்ததல்ல.

ஊசிகள் முடிந்தன. ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை. "ஆனாலும் வருசா வருசம் வந்து பார்த்துக்குங்க" என்றார் டாக்டரம்மா.

இதே ஊசியைப் போட்டுக்கொண்டு நடுங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அருவருப்பு காய்ச்சலோடு போய்விடாது. என் காலம் இப்போது ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவில்தான் ஓடுகிறது. குளிக்கும்போது வலது விலாவுக்குக் கீழே கை போனால் நின்றுவிடுகிறது. அங்கே இருக்கும் கல்லீரல் என்னைக் கேட்காமல் சீக்கானது, என்னைக் கேட்காமல் சண்டையிட்டது, பிழைத்தும் கொண்டது. அதற்குச் சோப்புப் போட்டுவிடுகிறேன். என்னுடையது என்று சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.