வகேஷோவின் களைப்பொடியும் ஒரு பெயிண்ட் வாளியும்

வகேஷோ அம்மாளுக்குப் பொடி என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும். மாவோ, சுண்ணாம்போ, முகப்பவுடரோ, ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்க்காமல் விடமாட்டார். என் மகள் கல்யாணத்தில் மணப்பெண்ணின் கன்னத்தையே தடவிப் பார்த்து, "இது கொஞ்சம் நறநறன்னு இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டவர். என் மனைவி அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் ஒடேரா. நகுரு ஊரில் ஒரு களைமருந்துத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் லாரி ஓட்டியவன். வகேஷோவைப் பற்றிச் சொல்ல என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஏப்ரல் மாதம் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனவன் நான் ஒருவன்தான்.

அவர் தாய்தா மலைக்காரர். அப்பா முட்டைக்கோஸ் போட்டவர். ரசாயனம் படித்துவிட்டு நகுருவுக்கு வந்து முதலில் ஒரு மாவு மில்லில் சேர்ந்தார். புழு வைத்த மாவை விற்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம்பிடித்து வெளியே வந்து, எங்கள் இடத்துக்கு வந்தார். மூத்த மகன் பெயர் நியாங்கே. அதனால் எங்களுக்கெல்லாம் அவர் நியாங்கே அம்மா. முதலாளி கிதாக்கா மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

இந்தக் களைப்பொடி செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. களையைக் கொல்லும் சரக்கு தண்ணீரில் கரையவே கரையாது. அதை மைதாவைவிட நைசாக அரைத்து, லேசான ஒரு மண்பொடியோடு சேர்க்க வேண்டும். தண்ணீரில் சட்டென்று நனைய ஒரு மருந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து நிற்க இன்னொரு மருந்து. விவசாயி வாளியில் கொட்டும்போது பொடி மேலே மிதந்தாலும் குற்றம், கட்டி தட்டினாலும் குற்றம், அடியில் போய் உட்கார்ந்தாலும் குற்றம். முதுகில் மாட்டும் ஸ்பிரே பம்பின் மூக்கில் இருக்கும் ஓட்டை ஊசி முனை அளவுதான், எல்லாம் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும்.

அந்த மண்பொடி அதுவரை கப்பலில் மொம்பாசா துறைமுகத்துக்கு வந்து கொண்டிருந்தது. நம் கில்கில் பக்கத்திலேயே வெள்ளை மண் வெட்டுகிறார்கள், பஞ்சு மாதிரி லேசாக இருக்கும். "இது இருக்கும்போது எதுக்குக் கப்பலுக்குக் காத்துக்கிடக்கணும்?" என்று வகேஷோ கேட்டார். முதலாளி சிரித்தார். சிரித்தாலும் ஆய்வறைக்கு ஒரு மேசை கொடுத்தார். மூன்று வருஷம்! நூற்று நாற்பது கலவை. ஒவ்வொன்றையும் உயரமான கண்ணாடிக் குழாயில் தண்ணீரோடு கலக்கி, அரைமணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். கடைசிக் கலவையில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு அப்படியே தண்ணீரில் நின்றது. கப்பல் பொடிக்கே எண்பத்தைந்துதான். அன்றைக்கு ஆலை முழுக்க சமோசா வாங்கிக் கொடுத்தார். நான் நாலு தின்றேன்.

அந்தப் பொடி முதன்முதலாகக் கித்தாலேக்கு மேலே, செரங்கானி மலையடிவாரத்து விவசாயிகள் சங்கத்துக்குப் போனது. பிப்ரவரியில் வகேஷோ என் லாரியிலேயே வந்து சங்கத்து முற்றத்தில் பெண்களைக் கூட்டி வைத்துச் செய்து காட்டினார். "பொடியை நேரா பம்புல கொட்டாதீங்க. கஞ்சிக்கு மாவு கரைக்கிற மாதிரி முதல்ல கொஞ்சம் தண்ணி விட்டுக் குழைச்சுக்கங்க. அப்புறம் மிச்சத் தண்ணி." எல்லோரும் தலையாட்டினார்கள். என்ன அழகாகச் சொல்லிவிட்டார் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஏப்ரலில் மழை பிடித்தது, மக்காச்சோளம் முளைத்தது, சங்கத்திலிருந்து போனும் வந்தது. பம்பெல்லாம் அடைத்துக்கொள்கிறதாம். முப்பது வீட்டுக்காரர்கள் மூட்டையைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்கிறார்களாம்.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"வகேஷோ, லாரியில போய்ப் பாரு. சரக்கு திரும்பி வந்துச்சுன்னா திங்கக்கிழமையிலிருந்து பழையபடி கப்பல் மண்ணுதான். ஆய்வறையும் வேணாம், அதுக்கு ஒரு ஆளும் வேணாம்."

"திரும்பி வராது சார்."

"உன் வாய் நல்லா இருக்கு. பம்புதான் நல்லா இல்லை."

வழி முழுக்க வகேஷோ ஒரு சிட்டிகைப் பொடியை விரலில் தேய்த்துக்கொண்டே வந்தார். நானும் இரண்டு மூன்று முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். எல்டோரெட் தாண்டியதும் திடீரென்று சொன்னார்: "ஒடேரா, மண்ணுல ஏதாவது கல்லு மணல் கலந்திருந்தா? நான் பார்க்காம விட்டிருந்தா?"

"நீங்க பார்க்காம விடுற ஆளா? என் பொண்ணு கன்னத்தையே விடல."

சிரிக்கவில்லை. இந்த வயதில் அவர் எங்கே போய் வேலை தேடுவார்? மூன்று வருஷ உழைப்பையும் என் லாரியிலேயே ஏற்றிக் குப்பையாகத் திருப்பிக் கொண்டுவரப் போகிறோமா என்று நினைத்தபோது ஸ்டியரிங்கைக் குத்த வேண்டும் போலிருந்தது.

சங்கத்தார் எங்களைத் தப்கிகேன் என்பவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிகம் சத்தம் போட்டது அந்த அம்மாள்தானாம். ஐம்பத்தைந்து வயது இருக்கும், எட்டு ஏக்கர் மக்காச்சோளம், கணீரென்ற குரல். லாரி நிற்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்கம்மா வாங்க, மகாராணி! உங்க மருந்தைக் குடிச்சுக் களை நல்லாக் கொழுத்திருக்கு, பார்த்துட்டுப் போங்க!"

உண்மைதான். மக்காச்சோளம் விரல் உயரம், புல்லும் விரல் உயரம். இன்னும் ஐந்தாறு நாள் போனால் எந்த மருந்துக்கும் அது அடங்காது.

வகேஷோ நேராகப் பம்பு இருந்த இடத்துக்குப் போனார். பம்பின் மூக்கைக் கழற்றினார். உள்ளே மணல் மாதிரி பருபருவென்று அடைத்திருந்தது. விரலில் தேய்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு அங்கே பிரிக்காமல் இருந்த ஒரு பையைப் பிரித்து, அவர்கள் கிணற்றுத் தண்ணீரையே ஒரு கண்ணாடி டம்ளரில் வாங்கி, ஒரு ஸ்பூன் பொடியைத் தூவினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொடி நனைந்தது, புகை மாதிரி இறங்கியது, ஒரு கலக்கில் டம்ளர் முழுக்கப் பால் வெள்ளையாக நின்றது. ஒரு கட்டி இல்லை, ஒரு மணல் இல்லை.

"உன் டம்ளர்ல எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. என் முதுகுல ஏறினாத்தான் அதுக்குத் திமிரு வருது," என்றார் தப்கிகேன்.

"அக்கா, நீங்க எப்படிக் கலக்குறீங்கன்னு கொஞ்சம் காட்டுறீங்களா?"

"கலக்குறதென்ன? கலக்கி வச்சதே இருக்கு, வா."

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே வாழை இலை போட்டு மூடிய ஒரு வாளி. இலையை எடுத்தால் மேலே தெளிந்த தண்ணீர். வகேஷோ ஒரு குச்சியை விட்டார். அது அடியில் போய் டக் என்று நின்றது, சிமெண்டில் இடித்த மாதிரி.

"இது எப்பக் கரைச்சது அக்கா?"

"முந்தாநேத்து சாயங்காலம்."

"முந்தாநேத்தா! ஏன்?"

தப்கிகேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானே சொன்னே, கஞ்சிக்குக் கரைக்கிற மாதிரின்னு. மாவைக் கரைச்சா ரெண்டு நாள் வச்சுப் புளிக்க விடாம யாரு கஞ்சி காய்ச்சுவா? உங்க ஊர்ல பச்சை மாவையா குடிக்கிறீங்க?"

தாய்தாவில் மாவைக் கரைத்த கையோடு அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். இந்த மலையடிவாரத்தில் கேழ்வரகு மாவைக் கரைத்து மூடி வைத்து, புளித்த பிறகுதான் காய்ச்சுவார்கள். இத்தனை வருஷமாக இந்தப் பக்கம் லாரி ஓட்டி, அந்தப் புளித்த கஞ்சியைக் குடம் குடமாகக் குடித்த எனக்காவது அன்றைக்கே உறைத்திருக்க வேண்டாமா? மடையன்.

சட்டென்று வகேஷோவின் கண் பெரிதானது. "அக்கா! கஞ்சிப் பானையிலயா கரைச்சீங்க?"

"எங்களுக்கென்ன பைத்தியமா? பழைய பெயிண்ட் வாளி. அதைத் தொட்டா கையை ஒடிப்பேன்னு பிள்ளைகளுக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

அப்பாடா! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வகேஷோ அங்கேயே ஒரு கட்டையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். பம்பைக் கழுவினோம். புதிதாகக் கரைத்தார்கள். தப்கிகேன் பம்பை முதுகில் மாட்டி வரப்பில் நடந்தார். மூக்கிலிருந்து விசிறி மாதிரி தண்ணீர் விரிந்தது. ஒரு வரிசை, இரண்டு வரிசை, மூன்றாவது வரிசை. நிற்கவில்லை.

"ஓடுது!" என்று வயலின் அந்தக் கோடியிலிருந்து கத்தினார். "ஏய், ஓடுதடி!"

சாயங்காலத்துக்குள் சங்கத்து முற்றத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வகேஷோ நடுவில் நின்று சொன்னார்: "தப்பு உங்க மேல இல்லை. கஞ்சின்னு சொன்னது நான். உங்க கஞ்சி எப்படின்னு கேக்காம சொன்னேன். இனிமே கரைச்சா உடனே அடிச்சிருங்க. ராத்திரி வைக்காதீங்க." அப்படி எல்லோர் முன்னாலும் சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும். என்னால் முடிந்திருக்காது.

ஒரு மூட்டைகூட லாரியில் ஏறவில்லை. சங்கத்துப் போனில் முதலாளியிடம் பேசினார். மறுமுனையில் அவர் என்ன சொன்னாரோ, வகேஷோ "சரி சார், சரி சார்" என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வேலை தப்பியது. எனக்குப் பசியே அப்போதுதான் தெரிந்தது.

கிளம்பும்போது தப்கிகேனிடம் ஒன்று கேட்டார். "அக்கா, அந்த வாளியை எனக்குக் குடுங்க."

"எதுக்கு?"

"இது என் பொடிதானே. ஏன் இப்படிக் கல்லாகுதுன்னு பார்க்கணும்."

வழியில் நான் சும்மா இருக்காமல், "அதான் தப்பு பொடியில இல்லேன்னு ஆயிருச்சே, அப்புறம் என்ன?" என்றேன். "அவங்க பழக்கத்தை மாத்துவாங்கன்னு நினைக்கிறியா ஒடேரா?" என்று கேட்டுவிட்டு வாளியை இரண்டு காலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனார். அன்றைக்கு நல்ல தூக்கம் அவருக்கு.

ஏழு மாதம் அந்தக் கல்லோடு மல்லுக்கு நின்றார். விஷயம் என்னவென்றால், அவர் பெருமைப்பட்ட அந்தத் தொண்ணூற்றிரண்டுதான் வில்லன். துகள்கள் அவ்வளவு நன்றாகப் பிரிந்து நின்றதால், ஒரு ராத்திரி முழுக்க ஆடாமல் விட்டால் ஒவ்வொன்றாக இறங்கி, சந்து இல்லாமல் அடுக்கிக்கொண்டு இறுகிவிடுகிறது. பிரிக்கும் மருந்தைக் கொஞ்சம் குறைத்தார். தண்ணீரில் ஊறி உப்புகிற களிமண் கொஞ்சம் சேர்த்தார். குழாய்ச் சோதனை எண்பத்தொன்றுக்கு இறங்கியது. ஆனால் எத்தனை நாள் விட்டாலும் அடியில் தளதளவென்று கிடந்து, ஒரு கலக்கில் எழுந்துவிட்டது.

"மூணு வருஷம் ஏத்தினதை ஏழு மாசத்துல இறக்கிட்டே," என்று முதலாளி குத்தினார்.

"ஆமா சார். இறக்கிட்டேன்," என்றார் வகேஷோ. அவ்வளவுதான். அந்தப் பொடியைத்தான் அடுத்த மழைக்கு அனுப்பினோம்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் போன் வரவில்லை. மே மாதமும் வரவில்லை. போன் வரவில்லை என்பதே வகேஷோவுக்குப் பயமாகிவிட்டது. வேறொரு சரக்கு இறக்க நான் மேலே போகும்போது தானும் ஏறிக்கொண்டார். தப்கிகேன் வீட்டில் மக்காச்சோளம் இடுப்புக்கு நின்றது. நடுவில் ஒரு புல் கிடையாது.

"பம்பு அடைக்கலையே அக்கா?"

"ஒரு நாளும் இல்லை."

"கரைச்ச உடனே அடிச்சீங்களா?"

"எங்கே உடனே? காலையில மாடு கறக்கணும், தண்ணி சுமக்கணும், பிள்ளைங்களைப் பள்ளிக்கூடம் விரட்டணும். அதுக்கு நடுவுல உன் மருந்தை யாரு கரைச்சுக்கிட்டு இருப்பா? எப்பவும் போல ராத்திரியே கரைச்சு வச்சிட்டோம், ஊரே அப்படித்தான்."

"வைக்காதீங்கன்னு சொன்னேனே?"

"சொன்னே. பாவம், நீயும் உன் வேலையைப் பார்க்கணுமில்ல. அதான் எல்லாரும் தலையாட்டினோம்."

வகேஷோ என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். லாரிப் படியில் உட்கார்ந்து அவர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. தப்கிகேன் என்னிடம் குனிந்து, "என்னாச்சு டிரைவரே இந்தம்மாவுக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். "ஒண்ணுமில்லக்கா, வேலை முடிஞ்சுது அவங்களுக்கு," என்றேன்.