மகேசனின் இரண்டாவது திறப்பு

பென்ரோஸ் கிட்டங்கியில் வேலை விட்டதும் மகேசன் நேரே தன் காருக்குப் போகமாட்டார். கார்கள் நிற்கும் வளவை ஒரு சுற்றுச் சுற்றி, வெள்ளைக் கொரோலா எது நின்றாலும் கிட்டப்போய்க் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பார். களவுபோன தன் கார் அதுதானா என்று பார்க்கிறாராம்! காப்புறுதிக் காசும் வந்து, அதில் நீல ஹொண்டா ஒன்றும் வாங்கியாயிற்று. இருந்தும் மனிசனுக்குக் கால் தரிக்கவில்லை. "ஒக்லாந்தில நான் முதன்முதல் வாங்கின கார் கண்டியளோ," என்று கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

சட்டைப்பையில் அந்தக் காரின் சாவி, இரண்டாவது திறப்பு, கிடக்கும். அது தனிக் கூத்து. கார் வாங்கிய அன்று சில்லுக்கடியில் தேசிக்காய் நசித்துவிட்டு, ஒரு திறப்பைப் பிள்ளையார் படத்தடியில் வைத்தார். பிறகு காப்புறுதிக் கொம்பனி திறப்புகளைக் கேட்டபோது ஒன்றைத்தான் கொடுத்தார். "மற்றது பிள்ளையாற்றை. அவருக்குக் குடுத்ததை எப்பிடித் திருப்பி வாங்கிறது?" கொம்பனிக்குக் கொடுக்காத பிள்ளையார் மகேசன் கேட்டதும் கொடுத்துவிட்டார், பாருங்கள்!

தொண்ணூற்றாறில் ஒரு சனிக்கிழமை, பால் வாங்க ஒனிஹங்கா பக்கம் ஒரு டெய்ரிக் கடைக்குப் போனவர் அந்தக் காரையே கண்டார். நம்பர் தகடு வேறு. ஆனால் ஸ்டியரிங்கின் நடுவில் அவர் வைத்த சந்தனப் பொட்டின் கறை அப்படியே இருந்தது. பொலிசுக்குச் சொல்லவேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. திறப்பைப் போட்டுத் திருகினார், வீட்டுக்குப் பறந்தார். பாலும் இல்லை, ஹொண்டா டெய்ரி வாசலிலேயே நின்றது.

"பிடிச்சிட்டன்!" என்று கத்திக்கொண்டு இறங்கியவரை, மனைவி ரதிதேவி மாக்கையோடு வந்து பார்த்தாள்.

"காசு வாங்கினனாங்களெல்லோ? பிறகெப்பிடி இது உங்கட கார்? கொம்பனியின்ர கார். இப்ப நீங்கள்தான் களவெடுத்துக்கொண்டு வந்திருக்கிறியள்."

"என்ர காரை நானே களவெடுக்கிறதோ? விசர்க்கதை கதையாதை."

"சிற்றிசன்சிப்புக்குப் போட்டிருக்கிறம். பொலிசில பேர் விழுந்தா எல்லாருக்கும் போச்சு."

மகேசன் அகதியாக வந்திறங்கிய நாளிலிருந்து ஒரு தண்டச்சீட்டுக்கூட வாங்காத மனிசன். காரைப் படுக்கை விரிப்பால் மூடினார். மூடினால்தான் சந்தேகம் வரும் என்று இழுத்தெடுத்தார். ஞாயிறு முழுக்க, தெருவில் எந்த வண்டி மெதுவாகப் போனாலும் யன்னலடிக்கு ஓடினார். "எடுத்த இடத்திலையே கொண்டுபோய் விட்டா என்ன?" என்று கேட்டும் பார்த்தார். "ஓம், கள்ளனுக்குத் திருப்பிக் குடுங்கோ," என்றாள் ரதிதேவி. பாவம், அவளும் சாப்பிடவில்லை.

திங்கள் காலை காரைக் கொண்டுபோய்க் காப்புறுதிக் கந்தோர் வாசலில் நிறுத்தினார். யாருடைய கார் என்று அங்கிருந்த வெள்ளைக்காரப் பெண் கேட்டாள். 'என்ர கார்' என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "உங்கட கார்," என்று ஆங்கிலத்தில் சொல்லித் திறப்பை மேசையில் வைத்தார். பிள்ளையார் கதையையும் விடாமல் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். அவள் உள்ளே போய்ப் பெரியவரோடு பேசிவிட்டு வந்து, காரைக் கண்டுபிடித்துத் தந்தவர் என்றே பொலிசுக்கு அறிவிப்போம், பயப்படவேண்டாம் என்றாள். அப்போதுதான் மகேசனுக்கு மூச்சு வந்தது.

காரைப் பின்வளவில் விட அவள் ஏறிக்கொண்டாள். கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்தினாள், பூட்டுப்படவில்லை. மகேசன் ஓடிப்போனார்.

"அடியாதை பிள்ளை, தூக்கிச் சாத்தவேணும்," என்று தமிழிலேயே சொல்லி, கதவைக் கீழிருந்து மெல்லத் தூக்கி, சத்தமில்லாமல் சாத்திவிட்டார்.