தாமோதரன் டூட்டிக்கு டிமிக்கி கொடுக்கவில்லை

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

தாமோதரன் போய்விட்டார். நேற்று மதியம், சென்னையில், கடற்கரை ரயில் நிலையத்து பெஞ்சில். பக்கத்தில் அவர் மனைவி சுகுணா. தாம்பரம் வண்டிக்காக உட்கார்ந்திருந்தார்களாம்... வண்டி வந்ததும் அந்த அம்மா எழுந்திருக்கிறார். இவர் எழுந்திருக்கவில்லை.

நம் அலுவலக நண்பர்கள் குழுவில் காலையிலிருந்து படம், பூ, கைகூப்பும் பொம்மை. நடுவில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பௌர்ணமி டூட்டிக்கே டிமிக்கி குடுத்துட்டு பீச்சுக்குப் போன மனுஷன். ஜாலியா வாழ்ந்துட்டாரு." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

சுகுணா அம்மாவும் இந்தக் குழுவில் இருக்கிறார். அது யாருக்கும் நினைவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருவண்ணாமலையில், வேங்கிக்கால் அலுவலகத்தில் அவரும் நானும் அடுத்தடுத்த மேஜை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமை விடிந்தால் இருவரும் சென்னை பஸ்ஸில் இருப்பார்கள். அங்கே சொந்தக்காரர் யாரும் கிடையாது, வேலையும் கிடையாது. சும்மா சுற்றுவதற்கென்றே போவார்கள்.

திங்கட்கிழமை மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஆரம்பிப்பார். "எஸ்கலேட்டர்ல சுகுணா மொதல்ல பயந்துட்டா சார். அப்புறம் எறங்கவே மாட்டேன்றா. ஏழு தரம் ஏறி எறங்கினோம். செக்யூரிட்டி வந்து, என்னா சார் தேடுறீங்கன்றான்."

"சரி, என்னா வாங்குனீங்க?"

"ஒண்ணும் வாங்கல சார்."

சூப்பரின்டெண்ட் விடமாட்டார். "யோவ், அண்ணாமலையாரைப் பாக்க உலகமே இங்க வருது. நீ எங்கய்யா ஓடுற?"

"ஊரு ஃபுல்லா இருக்குதே சார். நாங்க ரெண்டு பேரு நகர்ந்தா ரெண்டு பேருக்கு எடம்."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. என் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனது என்று அந்த அறையில் ஒருவரும் கேட்டதில்லை.

அந்த நாட்களில்தான் என் மனைவி கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. ஒரு சனிக்கிழமை கூப்பிடப் போனேன். சென்னை பஸ் அந்த வழியாகத்தான் போகும். ஏறினால்... முன் சீட்டில் இவர்கள்.

"சார்! சென்னைக்கா?"

"இல்ல. கீழ்பென்னாத்தூர்."

சுகுணா அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். "மேடத்தையும் கூட்டிக்கிட்டு ஒரு சனிக்கெழமை எங்களோட வந்துடுங்க சார். அவங்களுக்கு பீச்சு புடிக்குமில்ல?"

பிடிக்கும். கல்யாணமான புதிதில் கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லியே வருஷங்களை ஓட்டினேன்.

தாமோதரன் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "இங்க தெருவுல நடந்தா, இன்னும் விசேஷம் இல்லியான்னு இவளைக் கேக்குறாங்க சார். அங்க கூட்டம் ஜாஸ்தி, கேள்வி கம்மி." வேறு யாரிடமும் அவர் இதைச் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

நான் இறங்கியதும் இருவரும் ஜன்னலிலிருந்து கையசைத்தார்கள்.

மாமனார் வீட்டில் காபி கொடுத்தார்கள். அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அரை மணி நேரத்தில், திரும்பும் பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றேன்.

அந்தக் கையசைப்பை நான் மன்னிக்கவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை என்று தெரியும். தெரிந்தேதான் மன்னிக்கவில்லை.

சில மாதம் கழித்து, பௌர்ணமி ஒரு சனிக்கிழமையில் விழுந்தது. கிரிவல டூட்டி லிஸ்ட் போடுவது என் வேலை. அடி அண்ணாமலை உதவி மையத்துக்குப் போட்டிருந்தவருக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காய்ச்சல். வேறு யாரைப் போடலாம் என்று அதிகாரி கேட்டார். தாமோதரன் என்றேன்.

"அவரு கிளம்பிட்டாரே. சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் சார்."

சொல்லவில்லை. போன் கையில்தான் இருந்தது.

மறுநாள் மையம் பூட்டியே கிடந்தது. திங்கட்கிழமை அவருக்கு மெமோ. அதை எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"சார், என்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே."

மெமோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அப்ப நான்தான் மறந்துட்டேன் போலிருக்கு" என்றார். விளக்கத்திலும் மறதி என்றே எழுதிக்கொடுத்தார். பதவி உயர்வு தள்ளிப்போனது. அதே நாற்காலியிலேயே ரிட்டயர் ஆனார்.

என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விடுவார். திங்கட்கிழமைகளில் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வரும். எந்த இடம், என்ன பார்த்தார்கள் என்று காது கொடுத்துக் கேட்பேன்... சிரிப்பு மட்டும்தான் கேட்கும்.

இன்று மதியம் அவரைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று தெரிந்து, அவர் தெரு வரை போனேன். வாசல் நிறையச் செருப்புகள். என்னுடையதைக் கழற்றாமலே திரும்பிவிட்டேன்.

ஆகவே, சிரித்தவர்களே... அவர் டிமிக்கி கொடுக்கவில்லை. அவருக்கு அன்று டூட்டி என்றே அவருக்குத் தெரியாது.

போய் வாருங்கள், தாமோதரன்.

லிஸ்ட் போட்டது யார் என்று அன்றைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும். சுகுணா அம்மாவுக்கும் தெரியும். இருந்தாலும் கீழே என் பெயரை டைப் செய்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் இருந்தால் அந்த அம்மா பதில் எழுதுவார். இன்றைக்கும்கூட, "பரவால்ல சார்" என்று எழுதுவார். அதைப் படிக்க என்னால் முடியாது.

இந்தக் குழுவில் பெயரை மறைத்துப் பதிவிடும் வசதி இருக்கிறது. பெயரை அழித்துவிட்டேன். இப்படியே போடுகிறேன்.