ஐந்து நட்சத்திர அலை

அவள் அனுமதி கொடுக்காமல் அந்தக் கடற்கரையில் ஓர் அலைகூட எழுந்ததில்லை. சரி, இது கொஞ்சம் ஊதிச் சொன்னதுதான். அலை அதுபாட்டுக்கு எழும். முந்தின நாளே அவள் அதற்கு மதிப்பெண் போட்டிருப்பாள், அவ்வளவே. ஆனால் அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு திரியும் கூட்டத்தைக் கேட்டுப் பாருங்கள், முதலில் சொன்னதுதான் சத்தியம் என்பார்கள். அவளுக்கு அவர்கள் வைத்த பெயரே 'கடல் டீச்சர்'.

கடல் டீச்சருக்கு நீச்சல் தெரியாது. படகில் கால் வைத்தால் குமட்டும். இயற்பியல் படித்துவிட்டு ஒரு துறைமுக அலுவலகத்தில் கப்பல்களுக்கு வானிலை சொல்லிக்கொண்டிருந்தவள், பிறகு அலைச்சறுக்கு முன்னறிவிப்பு போடும் நிறுவனமொன்றில் சேர்ந்தாள். மாடியறையில் இஸ்திரி மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே இரண்டு கணினித் திரைகள். அதுதான் அவளுடைய கடல்.

ஆழ்கடலில் மிதக்கும் மஞ்சள் மிதவைக் கருவி அலையின் உயரம், திசை, ஓர் அலைக்கும் அடுத்ததற்குமான இடைவெளி எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். கூடவே காற்றையும் பார்க்க வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கி அடித்தால் அலையின் முகம் இஸ்திரி போட்டது மாதிரி வழவழவென்று நிற்கும். எதிர்த்து அடித்தால் தூங்கி எழுந்த தலைமுடிதான். ஊரெல்லாம் உயரத்தைப் பார்த்துப் பயப்படும். அவள் இடைவெளியைப் பார்த்துப் பயப்படுவாள். படபடவென்று வரும் அலை பக்கத்துக் காற்றுக்குப் பிறந்தது. சத்தம் ஜாஸ்தி, சரக்கு கம்மி. இடைவெளி விட்டு நிதானமாக வருவதோ எங்கோ தூரத்துப் பெரும்புயலுக்குப் பிறந்தது. நாலைந்து சேர்ந்து கூட்டமாக வந்து அறையும். ஒரு கூட்டம் போய் அடுத்தது வரும்வரை கடல், பால் குடித்த பூனை மாதிரி படுத்திருக்கும். புதிதாய் வருகிறவர்கள் ஏமாறுவது அந்தப் பூனையிடம்தான்.

இத்தனையையும் கூட்டிக் கழித்து, ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை கொடுப்பாள். ஐந்து என்றால் கைதேர்ந்தவர்கள் மட்டும் இறங்க வேண்டிய பெரிய அலை. 

இந்த உத்தியோகத்தை மதிக்காத ஒரே ஆள் அவளுடைய மாமியார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், குரலை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார். "ஏம்மா, இன்னிக்குக் கடல் பாஸா, ஃபெயிலா?" என்று மாடிப்படியின் கீழே நின்று தினமும் கேட்பார். பொழுது போகவில்லை என்று அறுபது தாண்டிய வயதில் அலைச்சறுக்கு வகுப்பில் சேர்ந்து, முழங்கால் தண்ணீரில் பலகைமேல் எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தார். மருமகளின் முன்னறிவிப்பை மட்டும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது வீடறிந்த விஷயம்.

அந்தப் பருவத்தின் முதல் ஐந்து நட்சத்திரத்தைப் பெருமையோடு போட்டுவிட்டுத் தூங்கிய மறுநாள் காலை, சாப்பாட்டு மேசையில் அவளுடைய கணவர், பல் மருத்துவர், ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே சொன்னார்:

"அம்மா பலகையைக் கார்மேல கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க."

"இன்னிக்கு வகுப்பு இல்லையே?"

"தனியாத்தான். நீ அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கியாமே. அஞ்சு ஸ்டார்னா ஹோட்டலே அவ்வளவு சௌகரியமா இருக்கும், கடல் எப்படி இருக்கும்னு சிரிச்சுக்கிட்டே போனாங்க."

"ஐயோ! அது அவங்களுக்கு இல்லைங்க!"

அவள் கூப்பிட்டதும் மாமியாரின் கைபேசி சமையலறையில் சார்ஜில் கிடந்து மணியடித்தது. அடுத்த நொடி அவள் ஸ்கூட்டரில் இருந்தாள். சாலை திரும்பும் இடத்தில் கடல் தெரிந்தது. அமைதியென்றால் அப்படியோர் அமைதி. வேறு யாராக இருந்தாலும் அப்பாடா என்றிருப்பார்கள். அவள் வண்டியை இன்னும் முறுக்கினாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் கார் நின்றது. மேலே பலகை இல்லை. காவலாளியின் நாற்காலியும் காலி. மணலில் விழுந்தடித்து ஓடினாள்.

தண்ணீருக்குக் கொஞ்சம் தள்ளி, பலகையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார் மாமியார்.

"அத்தை! தண்ணியில இறங்கலையே?"

"இறங்கியிருந்தா காபி எப்படிச் சூடா இருக்கும்? முதல்ல மூச்சு வாங்கிக்கோ. காலைப் பாரு, ஒரு செருப்பு நீலம், ஒரு செருப்பு பழுப்பு."

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது, எது முந்தியது என்று அவளுக்கே தெரியவில்லை. அப்போதுதான் வந்தது அந்த அலைக்கூட்டம். பூனை எழுந்து முதுகை வளைத்தது. முதல் அலை இடிந்து விழுந்த சத்தத்தில் மணல் அதிர்ந்தது, பின்னாலேயே நான்கு. தூரத்தில் கைதேர்ந்தவர்கள் இரண்டு பேர் கூவிக்கொண்டே சறுக்கினார்கள். மாமியார் வழக்கமாக நிற்கும் இடம் நுரைக்குள் காணாமல் போனது.



"எப்படி அத்தை தெரிஞ்சுது?"

"கடலோட மூஞ்சி சரியில்ல. உட்கார்ந்துட்டேன்."

"என் முன்னறிவிப்புப் பக்கத்தைப் பார்ப்பீங்களா நீங்க?"

"தினமும்தான் பார்க்கிறேன். நீ எழுதுற வியாக்கியானத்தை விட்டுட்டு ஸ்டாரை மட்டும்." மாமியார் குவளையை அவளிடம் நீட்டினார். "அது சரி, அந்த அஞ்சை யாருக்குக் குடுத்தே?"

"அலைக்கு, அத்தை."

"அலையா உட்கார்ந்து படிக்கப் போகுது? படிக்கிற எங்களுக்கு எவ்வளவுன்னு போடு."

அவள் அங்கேயே நிறுவன மேலாளரைக் கூப்பிட்டாள். கையில் காபிக் குவளை இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டுப் பலகைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னாள். நட்சத்திரம் அலைக்கு இருக்கட்டும், யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்று காட்டப் பக்கத்திலேயே பச்சை, சிவப்பு என ஒரு வண்ணம் போட வேண்டும் என்றாள். அவள் பலமுறை கேட்டு, அவர் பலமுறை தட்டிக்கழித்த விஷயம்.

"ரெண்டு மார்க் போட்டா ஜனங்க குழம்புவாங்கம்மா. உங்க மாமியாரே பார்த்துப் புரிஞ்சுக்கிட்டு இறங்காமத்தானே இருந்திருக்காங்க?"

"எல்லாரும் எங்க அத்தை மாதிரி இருப்பாங்களா சார்? அவங்க கடலோட நாடியைப் பிடிச்சுட்டாங்க!"

மாமியார் திடீரென்று தொடுவானத்தை மிகுந்த அக்கறையோடு கவனிக்கத் தொடங்கினார். பின்னாலிருந்து ஒரு நிழல் விழுந்தது. துணியில் பனிக்கட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்துமிடக் காவலாளி வந்து நின்றார்.

"நாடியும் இல்ல, ஒண்ணும் இல்லைங்க. தண்ணியைப் பார்த்து வேகமா ஓடுனாங்க, கால்ல கட்டுற பலகைக் கயிறு தடுக்கிக் குப்புற விழுந்தாங்க. நான்தான் தூக்கி உட்கார வெச்சுட்டு ஐஸ் எடுக்கப் போனேன். இல்லைன்னா இந்நேரம் அந்த நுரைக்குள்ளதான் இருந்திருப்பாங்க."



"வண்ணம் போட்டுடுங்கம்மா," என்றது பலகைமேல் இருந்த கைபேசி. "இன்னிக்கே."

மருமகள் மாமியாரின் வீங்கிய கணுக்காலை மெல்ல மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"குப்புறன்னு சொல்லாதீங்க," என்றார் மாமியார் காவலாளியிடம். "உட்கார்ந்த வாக்குலதான் விழுந்தேன்."

"குப்புறத்தாம்மா. வாயெல்லாம் மணல். அதைக் கொப்புளிக்கத்தானே காபியே ஊத்துனீங்க?"