ருசி பார்த்தது கணக்கில் வராது

அண்ணிக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள், வேலை செய்வாள். வீட்டில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடப் பளபளப்பாக இருந்தால் அண்ணன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "யார் மேல?" என்று என்னிடம் சைகையில் கேட்பான். அன்றைக்கு ஃபிரிட்ஜின் பின்பக்கம்கூடத் துடைக்கப்பட்டிருந்தது. "கடையில அண்ணியைப் பின்கட்டுக்குத் தள்ளிட்டாங்க" என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

அண்ணி பேக்கரியில் கேக் அலங்காரம் செய்கிறவள். கடைக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு கண்ணாடி அறை, ஒரு ஆள் நின்று திரும்புகிற அளவுக்கு. உள்ளே மேசை, சுழலும் தட்டு, கிரீம் பிழிகிற கோன்கள், நிறம் கலக்கிய கிண்ணங்கள். வெளியே நின்று ஜனங்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சும்மா ஒதுங்கியவர்கள்கூட, அண்ணி ரோஜா சுற்றுவதை இவ்வளவு நேரம் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு ஒரு பன்னாவது வாங்கிப் போவார்கள். அந்த மேசைக்கு வருவதற்குள் அண்ணி பின்கட்டில் எத்தனையோ வருஷம் முட்டை உடைத்தும் தட்டு கழுவியும் தேய்ந்திருக்கிறாள். வீட்டில் எதையும் "என்னோடது" என்று சொல்லாதவள், அந்த அறையை மட்டும் "என் ரூம்" என்பாள்.

படிக்கிற வயதில் ஒரு பருகூட வராத முகம் அவளுடையது. முப்பதைத் தாண்டியபிறகு வந்தது. முதலில் தாடையில் இரண்டு, பிறகு கன்னம், பிறகு கழுத்து வரைக்கும், சிவந்து, பழுத்து, தொட்டால் வலிக்கிற பரு. யாரோ ஒரு மகராசி கேக் வாங்க வந்தவள் முதலாளியம்மாவிடம், "அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தா சாப்பிடவே தோணலை" என்று சொல்லியிருக்கிறாள். கேக்கில் முகத்தையா முக்கி எடுக்கிறாள் அண்ணி? அந்த அம்மாள் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் நான் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பேன். முதலாளியம்மா அப்படிச் சொல்லவில்லை. "பரு போகட்டும், அப்புறம் முன்னால வா" என்று அண்ணியைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு, தன் தங்கை மகளைக் கண்ணாடி அறையில் நிறுத்தினாள். அந்தப் பெண்ணுக்கு முகம் பளிங்கு. கேக்கில் எழுதுகிற எழுத்துதான் படுத்துக்கொள்ளும்.

அண்ணன் ஆறுதல் சொன்னான். "நான் என்ன உன் முகத்தைப் பார்த்தா கட்டிக்கிட்டேன்?" நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் பிழைப்பு, அவனுக்கு எந்தப் பொத்தானை அழுத்தக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். அன்று இரவு அவனுக்குச் சாப்பாடு போட்டது நான்தான்.

"ஊர்ல வேற பேக்கரியே இல்லையா அண்ணி?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா மூஞ்சி சரியில்லைன்னு அனுப்பினாங்கன்னு நான் எங்கேயும் போக மாட்டேன். மூஞ்சியைச் சரி பண்ணிட்டு என் ரூமுக்குத்தான் போவேன்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். எங்கள் கடையில் முகத்துக்கு விற்காத கிரீம் கிடையாது, வாங்கிப் போனவர்கள் திரும்ப வந்து திட்டாத கிரீமும் கிடையாது. அண்ணி அத்தனையையும் ஒரு கை பார்த்தாள். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு எரிச்சலில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். பற்பசை தடவிக்கொண்டு தூங்கினாள். பரு அடங்கவில்லை, தோல் உரிந்ததுதான் மிச்சம். கடைசியில் நான்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டர் நிதானமானவர். ராத்திரியில் தடவ ஒரு ஜெல் எழுதினார். எலுமிச்சையைப் பழச்சாற்றுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். "எல்லாருக்கும் சாப்பாட்டால பரு வராதும்மா. சிலருக்கு இனிப்பு, மைதா, பால் சாமான் இதெல்லாம் அதிகமானா கிளப்பிவிடும். ரத்தத்துல சர்க்கரை சட்டுனு ஏறினா தோல்ல எண்ணெய் ஜாஸ்தி சுரக்கும், துளை அடைச்சுக்கும். உங்களுக்கு அப்படியான்னு குறைச்சுப் பார்த்தாத்தான் தெரியும். பட்டினி கிடக்க வேணாம். காய், பருப்பு, மீன், பழம்னு நல்லா சாப்பிடுங்க. பலன் தெரிய மாசக்கணக்காகும், அவசரப்படாதீங்க."

அண்ணியிடம் போய் "குறைச்சுப் பாருங்க" என்று சொன்னார் பாருங்கள். எங்கள் அண்ணிக்குக் குறைக்கத் தெரியாது, நிறுத்தத்தான் தெரியும். மறுநாள் காலையில் அவள் டம்ளரில் பாலும் இல்லை சர்க்கரையும் இல்லை, கறுப்பாக ஒரு டீ. பிஸ்கட் டப்பாவில் வறுத்த கடலை. அண்ணன் பிறந்தநாளுக்கு அவளே செய்த கேக்கை எங்களுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு, வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அதாவது, அண்ணனுக்கு இறங்கவில்லை. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மாதங்கள் போயின. கழுத்து தெளிந்தது. ஆனால் தாடையும் கன்னமும் அப்படியே. ஒன்று அடங்கினால் பக்கத்தில் இன்னொன்று. டாக்டர் அவள் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேலை பண்ற இடத்துல ஏதாவது இனிப்பு...?" என்று இழுத்தார்.

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. "பேக்கரியில இருக்கேன், ஒரு பன்னைக்கூடத் தொடறதில்லை டாக்டர். சாமி சத்தியம்." வெளியே வந்ததும் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இவ்வளவு வாயைக் கட்டியும் என்னைத் திருடி மாதிரி கேக்குறார்" என்றாள். எனக்கும் டாக்டர் மேல் ஆத்திரம் வந்தது. அண்ணி பொய் சத்தியம் செய்கிறவள் இல்லை.

ஒருநாள் மதியம் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தாள். கொடுக்கலாம் என்று பேக்கரியின் பின்கட்டுக்குப் போனேன். உள்ளே மாவும் வெண்ணெயும் சூடும் கலந்த வாசனை. அண்ணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிரீம் அடிக்கும் இயந்திரத்தின் முன் நின்றாள். நான் கூப்பிடவில்லை. ஒரு நாத்தனார் சும்மா நின்று வேடிக்கை பார்க்கக் கிடைக்கிற சந்தர்ப்பத்தை யார் விடுவார்கள்?

இயந்திரத்தை நிறுத்தினாள். கோனில் கிரீமை நிரப்பி, சரியாக வருகிறதா என்று கட்டைவிரலுக்குக் கீழே, புறங்கையில் ஒரு சுழி விட்டாள். கை வாய்க்குப் போயிற்று. சர்க்கரை போதவில்லை போலிருக்கிறது, பொடியைத் தூவி மறுபடி அடித்தாள், மறுபடி ஒரு சுழி, மறுபடி வாய். அடுத்த கிண்ணத்தில் சாக்லேட். கை வாய்க்குப் போயிற்று. பால் கஸ்டர்ட். கை வாய்க்குப் போயிற்று. பழக்கூழ், சர்க்கரைப் பாகு, இன்னொரு நிறக் கிரீம். நான் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதில் கையே மரத்துப்போயிற்று. ஒரு முழு கேக் துண்டுக்கு உண்டான கிரீம் என் கண் முன்னால் அவள் வயிற்றுக்குள் போய்விட்டது.

"அண்ணி, இப்ப என்ன சாப்பிட்டீங்க?"

திரும்பினாள். "எதுவும் சாப்பிடலையே. நீதானே சாப்பாட்டைக் கொண்டு வந்திருக்கே?"

"கையில இருந்து நக்கினீங்களே."

"அது ருசி பார்த்தேன்டி."

"அது வயித்துக்குள்ள போகலையா?"

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். புறங்கையில் கிரீமின் ஈரம் இன்னும் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தானாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே புறங்கையில் வைத்து நக்கிப் பார்க்கத்தான் சொல்லிக் கொடுப்பார்களாம். அது வேலை. சாப்பாடு என்பது உட்கார்ந்து சாப்பிடுவது. நின்றுகொண்டு ருசி பார்த்ததை அங்கே யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அண்ணி சத்தியம் செய்தபோது முழு மனசோடுதான் செய்திருக்கிறாள்.

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும்" என்று மெதுவாகச் சொன்னாள். "கடவுளே, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும்."

டாக்டரிடம் அவளே போய் ஒப்புக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. "நிறுத்திப் பாருங்க" என்றார். இந்தத் தடவை சரியான வார்த்தை.

நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. டீயில் சர்க்கரையை விடுவது மனசு செய்கிற காரியம். இது கை தானாகச் செய்கிற காரியம். புறங்கையில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டாள், கை வேறு இடத்தைக் கண்டுபிடித்தது. உறை மாட்டினாள், உறையோடு வாய்க்குப் போயிற்று. கடைசியில் வேப்பெண்ணெய் கலந்த களிம்பை எங்கள் கடையிலிருந்து வாங்கி உதட்டில் தடவிக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரைப் பார்த்தாலும் கசந்த முகம். மறுநாளும் அதைத்தான் தடவினாள். கை அடங்கும்வரை விடவில்லை.

கை அடங்கியதும் வேறு பிரச்சினை. ருசி பார்க்காமல் கிரீம் எப்படி வெளியே போகும்? அண்ணி ஒரு கரண்டியில் கிரீமை எடுத்துக்கொண்டு நேராகக் கல்லாவுக்குப் போய் முதலாளியம்மாவின் முன்னால் நீட்டினாள்.

"என்ன இது?"

"பாருங்கம்மா, இனிப்பு சரியா இருக்கான்னு."

"நீ பார்க்க மாட்டியா?"

"எனக்கு டாக்டர் வேணாம்னுட்டார். உங்க கடை, உங்க பேரு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பேரைச் சொன்னால் முதலாளியம்மா எதையும் தட்ட மாட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு கரண்டி கல்லாவுக்குப் போயிற்று. அண்ணி பின்கட்டில் தராசில் நிறுத்துப் போட்டாள், விரலிடையில் தேய்த்துச் சர்க்கரை கரைந்ததா என்று பார்த்தாள், வாசனையில் வெண்ணெயின் பதத்தைப் பிடித்தாள். நாளாக நாளாகக் கரண்டி சரியில்லை என்று திரும்பி வருவது நின்றது. முதலாளியம்மாவின் ரவிக்கைகள்தான் பிடிக்க ஆரம்பித்தன என்று கேள்வி. அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

அண்ணியின் தாடை தெளியத் தொடங்கியது. ஒரே நாளில் இல்லை. புதிதாக வருவது முதலில் குறைந்தது, பிறகு நின்றுபோயிற்று, இருந்தவை வற்றின. ஜெல் வேலை செய்ததா நாக்கை அடக்கியது வேலை செய்ததா என்று டாக்டரைக் கேட்டேன். "ரெண்டும்தான். ஆனா ஜெல் மட்டும் தடவினப்போ பாதியில நின்னுச்சு இல்ல, அதை மறந்துடாதீங்க" என்றார். கன்னத்தில் பழுப்புத் தழும்புகள் மட்டும் மிச்சம். அது ஆற இன்னும் நாளாகுமாம், சில ஆறாமலும் போகுமாம்.

நல்ல வெயில் அடிக்கிற ஒரு காலையில் அண்ணி புது ஏப்ரன் கட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போகாமல் கல்லாவுக்கு எதிரே போய் நின்றாள். நான் வேலைக்குப் போகிற வழியில் பன் வாங்குகிற சாக்கில் பின்னாலேயே போயிருந்தேன். பன் எனக்கு அன்றைக்குத் தேவையே இல்லை.

முதலாளியம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "பரு போயிடுச்சு. ஆனா தழும்பு இருக்கே."

"பரு போனா வான்னுதானே சொன்னீங்க."

"இருந்தாலும் ஜனங்க பார்க்கிற இடம். வேணும்னா ஒரு மாஸ்க் போட்டுக்கயேன்."

நான் வாயைத் திறந்தேன். அண்ணி திரும்பாமலே கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

"சுத்தத்துக்குன்னா போடறேன்மா. கடையில எல்லாரும் போடுவோம், கல்லாவுல நீங்களும் போட்டுக்கங்க. தழும்பை மறைக்கன்னா போட மாட்டேன்."

கடையில் இருந்தவர்கள் பன்னையும் பிரெட்டையும் பார்ப்பதுபோல் நின்றார்கள். முதலாளியம்மா சில்லறையை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றினாள். பிறகு கண்ணாடி அறையிலிருந்த தங்கை மகளைத் தலையசைத்து வெளியே கூப்பிட்டாள். அந்தப் பெண் விட்டால் போதும் என்று ஓடிவந்தாள்.

"சரி போ. பெரிய லைட்டை மட்டும் போடாதே. அந்த வெளிச்சத்துல எல்லாம் தெரியும்."

அண்ணி உள்ளே போனாள். சுழலும் தட்டை ஒருமுறை சுற்றிவிட்டுப் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்த ஸ்விட்சுகளை வரிசையாக, ஒன்று விடாமல் போட்டாள்.