வசந்தகுமாரிக்கு அழுகை வரவில்லை

வசந்தகுமாரி பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, 1991-இல், அவளுடைய கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவிகள் ஒரு தெரு நாடகம் போட்டார்கள். குடியின் கேடு பற்றிய நாடகம். பெண்கள் கல்லூரி என்பதால் குடிகாரக் கணவனும் ஒரு பெண்தான். உயரமும் கனத்த குரலும் உள்ள கஸ்தூரிக்கு லுங்கி கட்டி, கரியில் மீசை வரைந்தார்கள். அடி வாங்கி அழும் மனைவி வேடம் வசந்தகுமாரிக்கு வந்தது. கட்டுரைப் போட்டியில் பெண்களின் துயரம் பற்றி அவள் எழுதியிருந்ததைப் படித்துப் பேராசிரியை ஒருவர் கண் கலங்கியிருந்தார். அந்த ஒரே காரணத்தால்தான்.

ஆனால் ஒத்திகையில் அவளுக்கு அழுகை வரவே இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் அவள். அப்பா குணசேகரன் டாங்கி தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்பாசமுத்திரத்துக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். குடித்துவிட்டு வருகிற ஆளை வசந்தகுமாரி பக்கத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை. கட்டுரையில் அவள் வடித்த கண்ணீரெல்லாம் நூலகத்தில் படித்த கண்ணீர். கஸ்தூரி உதைக்கிற மாதிரி காலைத் தூக்கினால் இவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கைக்குட்டையில் வெங்காயத்தைத் தேய்த்து வைத்துப் பார்த்தாள். மூக்கு ஒழுகியதோடு சரி. கடைசியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோளைக் குலுக்கக் கற்றுக்கொண்டாள். தூரத்திலிருந்து பார்த்தால் சிரிப்பும் அழுகையும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

முதல் நாடகம் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டையில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கம்பெனிகள் விடுகிற நேரத்தில். டீக்கடைக்கு எதிரே வட்டமாக இடம் விட்டுப் பறையை அடித்ததும் நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது. கஸ்தூரி தள்ளாடி வந்தாள், கத்தினாள், அடித்தாள். வசந்தகுமாரி தரையில் விழுந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அப்படியே நெடுநேரம் குலுங்கவேண்டும் என்பது நாடகத்தின் அமைப்பு. அதற்குள் ஒரு மாணவி சமூகத்தைப் பார்த்துக் கேள்விகள் கேட்பாள்.

அந்தக் கேள்விகள் முடிவதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் வட்டத்துக்குள் வந்துவிட்டாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. பெயர் பூங்காவனம் என்றும், திருகாணி கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறவள் என்றும் பிற்பாடு தெரிந்தது.

"இன்னாம்மே இது, அப்பத்லருந்து அழுதுகினே கீற? எழுந்து நவுரு," என்றாள்.

வசந்தகுமாரி எழுந்து நகர்ந்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பூங்காவனம் தூக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, டீக்கடை வாசலில் இருந்த வாளித் தண்ணீரை எடுத்துவந்து கஸ்தூரியின் தலையில் கொட்டினாள். மீசை வழிந்து கழுத்துக்கு வந்தது. உள்ளே இருந்தது ஒரு பெண் என்று தெரிந்ததும் கூட்டம் சிரித்த சிரிப்பில் அந்தப் பக்கம் போன பஸ்ஸே நின்றுவிட்டது. கூட்டத்தின் ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கை தட்டினார். அவர் வீராசாமி, பூங்காவனத்தின் கணவர்.

"அந்தத் தண்ணி எனக்கு வச்சது மாமே. பாவம், அந்தப் பொண்ணு மேல ஊத்திட்டா," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அன்றைக்கும் அவர் கொஞ்சம் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

நாடகம் அதோடு நின்றது, பேச்சு ஆரம்பித்தது. பெண்கள் மாணவிகளைச் சூழ்ந்துகொண்டார்கள். கஸ்தூரிக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்தார்கள். குடியைப் பற்றி எங்களுக்கு நீங்கள் வந்து சொல்லவேண்டியதில்லை என்றாள் பூங்காவனம். கம்பெனியிலிருந்து பஸ் ஸ்டாப் வரை கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை; மழைக்காலத்தில் வேலை விடும்போதே இருட்டிவிடுகிறது, சைக்கிளில் வருகிறவன்கள் இடித்துவிட்டுப் போகிறான்கள், அதற்கு ஒரு டிராமா போடுங்கள் என்றாள்.

திரும்பும் ரயிலில் வசந்தகுமாரி ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தாள். பெண்களின் துயரம் பற்றிய தன் கட்டுரையில் தெருவிளக்கு என்ற சொல்லே வரவில்லை என்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த நாடகத்தை அவளே எழுதினாள். மாணவிகள் கையை மடக்கிக்கொண்டு விளக்குக் கம்பங்களாக நின்றார்கள். ஒரு பெண் வேலை முடிந்து வருகிறாள். ஒவ்வொரு கம்பத்தின் முன்னாலும் நின்று, ஏன் எரியவில்லை என்று கேட்கிறாள். கம்பங்கள் ஒன்றின் மேல் ஒன்று பழி போடுகின்றன. அந்தப் பெண்ணாக நடிக்க வசந்தகுமாரிக்குக் கொள்ளை ஆசை. ஆனால் நாடக நாளன்று மண்ணூர்பேட்டையில் பூங்காவனம் பவுடர் பூசி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளைத் தவிர வேறு யாரும் அதைச் செய்யமுடியாது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. வசந்தகுமாரி கம்பமாக நின்றாள். உள்ளே பொறாமை பொறுக்கமுடியவில்லை. வசந்தகுமாரி அவசரமாகச் சொல்லிக்கொடுத்த வரிகளில் பாதியைப் பூங்காவனம் மறந்துவிட்டு, தோன்றியதைப் பேசினாள். கூட்டத்தில் நின்ற தசரதன் என்கிற லைன்மேனைக் கண்டுபிடித்து வட்டத்துக்குள் இழுத்து, "அண்ணாத்தே, நீயே சொல்லு, இன்னாத்துக்கு எரியல?" என்றாள். பல்பைக் கொடுத்தால் நாளைக்கே மாட்டுகிறேன் என்றார் அவர். அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். கம்பெனிக்காரர்கள் சிலரே பல்பு வாங்கிக்கொடுக்க, பொங்கலுக்குள் அநேகக் கம்பங்கள் எரிந்தன.

தான் எழுதிய வரிகளைவிடப் பூங்காவனம் மாற்றிச் சொன்ன வரிகளுக்குத்தான் ஜனங்கள் சிரித்தார்கள் என்பதை வசந்தகுமாரி கவனித்தாள். சில நாள் மனம் ஆறவில்லை. பிறகு ஒத்திகைக்கு முன்னால் பூங்காவனத்தைப் பேசவிட்டுக் கேட்டு, அதிலிருந்து எழுத ஆரம்பித்தாள். சீக்கிரமே அது அவளுக்கு நடிப்பதைவிடப் பிடித்துப்போயிற்று. வீராசாமி குடியை விடவில்லை. ஆனால் நாடக நாட்களில் மட்டும் குடிக்காமல் வந்து மனைவியைச் சைக்கிளில் கூட்டிப்போனார்.

இதெல்லாம் வீட்டுக்குத் தெரியாது. தொழிற்சாலையில் யாரோ குணசேகரனிடம் "உங்க பொண்ணு ரோட்டுல கூத்தாடுதாமே" என்று சொல்லிவிட்டார்கள். அவர் மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாடகத்துக்கு, ஆவடியில் பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு பழக்கடைக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தார். முடிந்ததும் வந்து பறையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஏட்டி, இதை நம்ம குவார்ட்டர்ஸ்லயும் போடலாம்லா," என்றார், நடந்துகொண்டே.

போட்டார்கள், விளையாட்டு மைதானத்தில். இந்த முறை பூங்காவனம் கேட்கச் சொன்ன விஷயம், வீட்டில் கடைசியில் சாப்பிடுவது யார் என்பது. அவள் வட்டத்தின் நடுவே தட்டோடு நின்று, பார்வையாளர்களிடமே அதைக் கேட்டாள். முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வசந்தகுமாரியின் அம்மா வனஜா.

"நாந்தான். இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு? கடைசியில கொழம்பு இருந்தா உண்டு, இல்லன்னா மோரு," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மற்ற பெண்களும் சிரித்தார்கள். நானும், நானும் என்று குரல்கள் கிளம்பின. குணசேகரன் தரையைப் பார்த்தார். வட்டத்துக்குள் நின்ற வசந்தகுமாரிக்குத் தான் பேசவேண்டிய வரிகள் மறந்துவிட்டன. துயரம் தேடி மண்ணூர்பேட்டை வரை ரயிலேறிப் போனவள், தினமும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகும்போது அம்மாவுக்கு என்ன மிச்சம் என்று ஒரு நாளும் சட்டியை எட்டிப் பார்த்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் குணசேகரன் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, வனஜா வந்து உட்காரும் வரை சோற்றைத் தொடவில்லை. அவளுக்கோ உட்காரத் தெரியவில்லை. உப்புக்கு எழுந்தாள், தண்ணீருக்கு எழுந்தாள், அப்பளத்துக்கு எழுந்தாள். வசந்தகுமாரி அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். குணசேகரன் கரண்டியை எடுத்துப் பரிமாறினார். பாதிக் குழம்பு தரையில் போயிற்று.

"நல்லாத்தான் ஊத்துதீய," என்றாள் வனஜா, சாப்பிட ஆரம்பித்தாள்.